ஆளுயரச் செடி

அருவிக்கு மேலே, குரங்குகூட ஏற யோசிக்கிற வழுக்குப் பாறையின் இடுக்கில் காலகாலமாகக் கிடந்த அந்தச் செடி, அந்த வருசத்துச் சாரல் விழத் தொடங்கியதும் மலையை விட்டு இறங்கி, பாறைக்குளம் ஊருக்குள் வந்து, வீடு பார்த்துக் குடியேறியது. எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சாரல் காலத்தில் மலையிலிருந்து என்னென்னவோ இறங்கத்தான் செய்யும், யானை இறங்கும், கரடி இறங்கும், காய்ச்சல் இறங்கும், குளிக்க வந்த இடத்தில் தண்ணியைப் போட்டுவிட்டுத் தெருவில் உருளுகிற வெளியூர்க்காரன் இறங்குவான், அதோடு ஒரு செடியும் இறங்கியிருக்கிறது என்று ஊர் அதைச் சட்டை பண்ணாமல் விட்டுவிட்டது.

முதலில் வந்தது மாவு மில் பரமசிவம் வீட்டுக்கு. அவர் சம்சாரம் விடிகாலையில் சாணி தெளிக்கப் போனபோது நடு வாசலில் ரெண்டு இலை விட்டு நின்றது, மேலே சாம்பல் பச்சை, அடியில் ஊதா நரம்பு, கிட்டக் குனிந்தால் நமத்துப்போன துணி வாடை. பிடுங்கக் கை வராமல் அதைச் சுற்றியே புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். செடி முழங்கால் அளவு வந்தபோது பரமசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை, இடுப்பளவு வந்தபோது கஞ்சி இறங்கவில்லை, திருநெல்வேலியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள், அவர் கண்ணை மூடிய அன்றைக்குப் பொழுது சாயுமுன் செடி வெந்நீர் கொட்டினதுபோல் கருகி விழுந்தது. அடுத்தது பூக்கட்டுகிற செண்பகம் வாசல், அதற்கடுத்தது தபால்காரர் வாசல், அதற்குப் பிறகு யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புற்றுநோய் யார் உடம்பில் விதை போட்டாலும் அவர்கள் வாசலில் செடி முளைக்கும், நோய் வளர்ந்தால் வளரும், அடங்கினால் அடங்கும், ஆள் போனால் அதுவும் போகும். எமன் அனுப்புகிற ஓலை என்று ஊர் அதற்கு ஓலை என்றே பேர் வைத்தது. "அவியளுக்கு ஓலை வந்துட்டாம்லா" என்று பால் வாங்குகிற இடத்தில் சொன்னால் போதும், கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊர் என்ன லேசுப்பட்டதா, எதையும் சீரணித்துவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலைப் பார்த்தார்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் வாசலைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் காட்டினார்கள். வசதியுள்ளவர்கள் வாசலுக்குச் சிமெண்டு போட்டார்கள், சிமெண்டைப் பிளந்துகொண்டு வந்தது. டைல்ஸ் ஒட்டினார்கள், டைல்ஸை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. மாடி வீட்டுக்காரர்களுக்குப் படிக்கட்டில் வந்தது. நகராட்சியிலிருந்து களைக்கொல்லி அடித்தார்கள், அருகம்புல்லெல்லாம் செத்தது, ஓலை நின்றது. சில வீடுகளில் பெண்கள் விடியுமுன்னே எழுந்து காதும் காதும் வைத்த மாதிரி அதைப் பிடுங்கிச் சந்தில் எறிந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கோலம் போட்டார்கள். பிடுங்கினால் மறுபடி வராது. ஆனால் நோய் எங்கேயும் போகாது, அது பாட்டுக்கு உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும், அது பிறகுதான் தெரிந்தது. ஊர்ப் பெரியமனிதர் ஒருவருக்கு அவர் வீட்டு வாசலை விட்டுவிட்டுப் பின்தெருவில் ஒரு வாடகை வீட்டு வாசலில் முளைத்து, அவர் எங்கே குடியிருக்கிறார் என்று ஊருக்கே சொல்லிவிட்டது. அவர் சம்சாரம் அழுவாள் என்று பார்த்தால், வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ரெண்டு இலையிலேயே கண்டுபிடித்துப் பஸ் ஏறினவர்கள் பிழைத்துத் திரும்பினார்கள். செடி வாடி மறைந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். ஓலையைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களும் காறித் துப்புகிறவர்களுமாக ஊர் ரெண்டாகப் பிரிந்து, சண்டை எதுவும் போடாமல் அவரவர் வேலையைப் பார்த்தது.

ஊரில் அந்தச் செடியை ஏற்கெனவே தெரிந்திருந்தவள் சங்கரவடிவு ஒருத்திதான். பெண்கள் கல்லூரியில் வாத்திச்சி. மலையில் முளைக்கிற காட்டுச்செடிகளில் புற்றுநோயை அடக்குகிற சத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது அவள் ஆராய்ச்சி. செடியைப் பறித்து, நிழலில் காயவைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, சாற்றை வற்றவைத்து, கடைசியில் மிஞ்சுகிற கருத்த பிசினை எடுத்து, வடக்கேயிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற புற்றுச் செல்களின் மேல் விடுவாள். பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக இருக்கும் தட்டில் செல்கள் கிடக்கும். அதில் மஞ்சள் சாயம் ஊற்றினால், உயிரோடிருக்கிற செல் அதை ஊதாவாக மாற்றும், செத்த செல் மஞ்சளாகவே விட்டுவிடும். இத்தனை வருசத்தில் மலையில் பாதியை அரைத்து ஊற்றியாயிற்று, தட்டு ஊதாவாகவே வந்துகொண்டிருந்தது. பாறை இடுக்குச் செடியும் அப்படித்தான், ஊதா. அதையும் கழித்துவிட்டு அடுத்த செடிக்குப் போயிருந்தாள்.

வீட்டில் வடிவும் அவள் தங்கச்சி கோமுவும்தான். அம்மா அப்பா போனபிறகு தங்கச்சியை வளர்க்கிறேன் என்று வடிவு கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று கோமு ஒரு தீபாவளிகூடத் தாண்டாமல் திரும்பி வந்துவிட்டாள். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஜாக்கெட் இறுக்குகிறது என்று யாராவது வந்தால், "ஜாக்கெட்டு சரியாத்தாம்க்கா இருக்கு, ஒங்க வீட்டு அல்வாதான் இறுக்குது" என்று சொல்லி அனுப்புவாள், வந்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் போவார்கள்.

அந்த வீட்டு வாசலிலும் ஒருநாள் முளைத்தது. கோலப்பொடிக் கிண்ணத்தோடு போன கோமு அங்கேயிருந்தே கூப்பிட்டாள்.

"யக்கா, விருந்தாளி வந்திருக்கு. ஒன்னப் பாக்கவா என்னப் பாக்கவான்னு கேட்டுச் சொல்லு."

வடிவு ஓடிவந்து பார்த்தாள். சாமிகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எனக்காக இருக்கட்டும், எனக்காகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தங்கச்சியை இழுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனாள். ரெண்டு பேரையும் படம் பிடித்தார்கள். கோமுவுக்குத்தான். கருப்பை ஓரத்துச் சூலகத்தில். வயிற்றில் அதற்குள்ளேயே நீர் கோத்திருந்தது.

மருந்து ஏற்றினார்கள். கோமுவுக்கு முடி கொட்டியது, செடி கருவேப்பிலைக் கன்று அளவுக்குக் குறுகியது. கொஞ்ச நாள் சந்தோசமாக இருந்தார்கள். பிறகு செடி மறுபடி துளிர்விட்டது. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஏத்துற மருந்து இனிமே கேக்காது. மாத்திரை தாரேன். ஒரு வேளைகூட விடக்கூடாது. அது நோயக் கட்டிப் போடும், வேரோட எடுக்காது. கட்டுப்பட்டு இருக்கிற வரைக்கும் இருக்கும். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்லம்மா."

டாக்டரம்மாவிடம் எதுவும் இல்லை என்றால் தன்னிடமாவது இருக்க வேண்டும் என்று வடிவுக்கு வெறி பிடித்தது. கோமுவின் வயிற்றிலிருந்து எடுத்த நீரை ஒரு பாட்டில் கெஞ்சி வாங்கி வந்தாள். அதில் மிதக்கிற செல்களைத் தட்டில் வளர்த்தாள். ஊரில் ஓலை நின்ற வீடுகளுக்கெல்லாம் போய் ஒவ்வொரு கிளை கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகச் சாறு இறக்கி ஊற்றினாள். எல்லாம் ஊதா. கடைசியாக, தன் வாசலில் நின்ற செடியின் இலையை எடுத்துச் செய்தாள். அந்த வரிசை முழுவதும் மஞ்சள்.

வடிவு ஒன்றும் ஏமாளி இல்லை. தட்டில் பினாயிலை ஊற்றினாலும்தான் செல் சாகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அதே சாற்றைத் தன் ரத்தத்திலிருந்து எடுத்த நல்ல செல்லின் மேலும் ஊற்றினாள், அது ஊதாவாகச் சிரித்துக்கொண்டு இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தாள், மாற்றமே இல்லை. அவரவர் செடி அவரவர் நோயை மட்டும் கொல்லும். எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு வருசக்கணக்கில் சோதிக்க வேண்டும், எல்லாம் தெரியும். அதற்கெல்லாம் கோமுவிடம் வருசம் எங்கே இருக்கிறது? தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்துக் கணக்குப் போட்டபோதுதான் தலையில் இடி இறங்கியது. கைநிறைய இலையைக் காய்ச்சினால் நகக்கண்ணில் ஒட்டுகிற அளவுதான் மருந்து தேறியது. ஒரு உடம்புக்கு வேண்டிய மருந்து இறக்க ஆளுயரத்துக்குச் செடி வேண்டும். கோமுவின் செடி முழங்காலைத் தாண்டவில்லை. அது வளர வேண்டுமானால் கோமுவின் நோய் வளர வேண்டும். நோய் அடங்கினால் மருந்து இல்லை, மருந்து வேண்டுமென்றால் நோய் அடங்கக் கூடாது. இப்படி ஒரு கணக்கை எந்தப் பாவி போட்டு வைத்தானோ, அவன் கையில் புண் வர.

குறுக்கு வழிகள் எல்லாவற்றையும் பார்த்தாள். கிளையை வெட்டி நட்டாள், வேர் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குப்பியில் சத்துக் கூழ் ஊற்றித் துண்டு இலையை வளர்த்தாள், அழுகியது. பூவுக்காகக் காத்திருந்தாள், அது பூக்கவே இல்லை. கடைசியில் சின்னப்பிள்ளை மாதிரி மாட்டுச் சாணமும் கடலைப் புண்ணாக்கும் கரைத்து வேரில் ஊற்றிவிட்டு, தையல் மிஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டுபோய்க் காலைதோறும் அளக்கத் தொடங்கினாள். மாத்திரையும் நடக்கட்டும், நான் போடுகிற உரத்துக்குச் செடியும் வளரட்டும் என்று நினைத்தாள். அப்படி நடக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தூக்கி மூலையில் போட்டாள்.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தாள். எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர் தனிக்கட்டை, மார்பில் கட்டி வந்து அறுவை முடிந்து, கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக்கொண்டிருந்தார், அவர் வாசல் ஓலை வாடி நாலு இலையாக நின்றது. சந்தோசத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவோம் என்று இருந்த வடிவு, டீச்சரிடம் போய்த் தட்டு மஞ்சளான கதையைச் சொல்லிவிட்டாள்.

"அப்ப என் செடியிலயும் எனக்கு மருந்து இருக்குங்கியா வடிவு?"

"இருக்கு டீச்சர். ஆனா ஆளுயரம் வேணும்."

டீச்சர் தன் வாசலில் நின்ற நாலு இலையை எட்டிப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவர் காதில் போட்டதும் அடுத்த வீடு போகவில்லை, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு போகவில்லை. பாறைக்குளமே தலைகீழாகத் திரும்பிவிட்டது. நேற்றுவரை ஓலையைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அதற்குப் பந்தல் போட்டார்கள், ஆடு கடிக்காமல் முள் அடைத்தார்கள், பால் ஊற்றினார்கள், முட்டை உடைத்து ஊற்றினார்கள், கண்பட்டுவிடும் என்று திருஷ்டி பூசணி கட்டினார்கள். "ஒங்களது இடுப்புக்கு வந்துட்டே, குடுத்துவச்சவிய" என்று ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பிடுங்கி எறிந்திருந்தவர்கள் குப்பைமேட்டில் போய் மண்ணைக் கிளறிக்கொண்டு தலையில் அடித்து அழுதார்கள். திருநெல்வேலி பஸ்ஸில் விடிகாலையில் பையும் போர்வையுமாக ஏறுகிற கூட்டம் மெலிந்து, ஒருநாள் கண்டக்டர் இறங்கிவந்து, "எல்லாருக்கும் சொகமாயிட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டு வாசல்களில் செடிகள் செழிசெழி என்று செழித்தன. அந்த வருசம் பாறைக்குளத்தைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் என்ன குளுமையான ஊர் என்று போட்டோ எடுத்தார்கள்.

வடிவு வீடு வீடாகப் போய்க் கத்தத்தான் செய்தாள். ஆஸ்பத்திரியை விடாதீர்கள், இது இன்னும் மருந்தாகவில்லை, எலிக்குக்கூடக் கொடுக்கவில்லை என்று தொண்டை வற்றச் சொன்னாள். அவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவள் வாசலைத்தான் பார்த்தார்கள். அங்கே புண்ணாக்குத் தண்ணீர் குடித்து ஓலை நின்றது, பக்கத்தில் டேப் கிடந்தது. "மேடம் சும்மா சொல்லுதாவ. தங்கச்சிக்கு வளக்காவல்லா" என்றார்கள். 

ஜெபமணி டீச்சரின் செடி ஜன்னல் உயரம் வந்தது. வடிவு பார்க்கப் போனபோது டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். "போதுமா வடிவு, வெட்டிக்கிடுதியா?" என்று கேட்டார். வடிவு செடியைப் பார்த்தாள். ஆளுயரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. "இன்னும் ஒரு வாரம் பொறுங்க டீச்சர்" என்று அவள் வாய் சொல்லியது. அந்த வாரம் முடியுமுன்னே டீச்சர் போய்விட்டார். சவப்பெட்டி வாசலைத் தாண்டும்போது செடி மேலிருந்து கீழாகக் கருகியது. வடிவு கருகின இலைகளை அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டுபோய், பைத்தியக்காரி மாதிரி சாறு இறக்கிப் பார்த்தாள். கரித் தண்ணீர்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது என்று அவள் நினைத்தாள். கோமுவின் செடி விறுவிறு என்று வளரத் தொடங்கியது. மாத்திரை நடக்கும்போதே வளர்கிறது என்றால் உரம்தான், தன் கைதான், தான் ராப்பகலாகப் பட்ட பாட்டுக்கு மலை இரங்கிவிட்டது என்று நம்பினாள். காலையில் எழுந்ததும் வாசலுக்கு ஓடுவாள். டேப்பில் கொஞ்சம் கூடியிருந்தால் அன்று முழுக்க வாயில் பாட்டுதான். அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டே, "கோமு, இன்னைக்கு இடுப்புக்கு வந்துட்டுட்டி!" என்பாள், "கோமு, நெஞ்சுக்கு!" என்பாள். "அடியாத்தீ, வளரட்டும் வளரட்டும், அடுத்து அதுக்கும் ஒரு ஜாக்கெட்டு தைக்கணும்" என்று முன்னறையிலிருந்து கோமு பதில் கொடுப்பாள். அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலை விட்டு எழும்பாமல் ஆனதும், தோசை தட்டிலேயே மிஞ்சியதும், முகம் ஒடுங்கி வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு வந்ததும் வடிவு கண்ணில் படத்தான் செய்தது. அதைப் பார்த்தால் செடியைப் பார்த்துச் சந்தோசப்பட முடியாது. ஆகவே அவள் செடியைப் பார்த்தாள்.

செடி தோள் உயரம் வந்த நாளில், சேலை ஓரம் பிரிந்திருக்கிறது என்று ஊசி தேடி, தையல் மிஷின் இழுப்பறையில் கிடந்த கொக்கி டப்பாவைத் திறந்தாள். கொக்கிக்கும் பித்தானுக்கும் நடுவில் மாத்திரைகள் கிடந்தன. ஒன்று ரெண்டு இல்லை, டப்பா நிறைய.

கட்டிலருகே கொண்டுபோய் நீட்டினாள். "என்னட்டி இது?"

"பித்தான்."

"கோமு!"

"மாத்திரைதான். தெரியுதுல்லா, பெறவு என்ன கேள்வி."

"எப்பத்தில இருந்து?"

"டீச்சரத் தூக்கிட்டுப் போனாவல்லா, அதுக்குப் பெறகு."

"ஏம்ட்டி இப்படிப் பண்ணுன? பாவி, ஏம்ட்டி?"

கோமு மேலே சுற்றுகிற பங்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ காலைல வாசல்ல குத்தவச்சு அளப்பேல்லா, நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் கெடப்பேன். செடி குறைஞ்ச அன்னைக்கு நீ காப்பிகூடக் குடிக்க மாட்ட. வளந்த அன்னைக்குப் பாட்டுப் படிப்ப. நான் என்ன செய்யச் சொல்லு? அம்மா போனதுல இருந்து நீ பாட்டுப் படிச்சு நான் கேட்டதில்ல. வளரட்டும், ஆளுயரம் வந்துட்டா எங்கக்கா மருந்து செஞ்சிருவான்னு நெனச்சேன். டீச்சரு வயசானவிய, தாங்கல. நான் தாங்கிருவேன்னு நெனச்சேன்."

வடிவு அவளை அடிக்கக் கை ஓங்கி, அந்தக் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நேரத்திலும், அவள் மனசு வாசலுக்குப் போய்வந்து ஒரு கணக்குச் சொன்னது: தோளுக்கு வந்தாயிற்று, இன்னும் ஒரு முழம்தான், இவ்வளவு தூரம் வந்த பிறகு இன்னும் ஒரு முழம் பொறுத்தால் என்ன? அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. டீச்சரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்ன குரல். தன் வாழ்நாளில் எந்தப் பேய்க்கும் பயப்படாத சங்கரவடிவு, தன் நெஞ்சுக்குள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அந்த ஒருத்தியைக் கண்டு பயந்தாள். செடி நிற்கிறவரைக்கும் அவளும் கணக்குப் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள்.

கொக்கி டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கோமு வாயில் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், விழுங்கும்வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள். தெருவில் பந்தல்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேடம் இன்றைக்கு வெட்டப்போகிறாள், மருந்து இறக்கப்போகிறாள் என்று குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வடிவு குனிந்து, செடியின் அடித்தண்டை ரெண்டு கையாலும் பிடித்தாள்.

"யக்கா!" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோமு அலறினாள். "பிடுங்காதக்கா! பிடுங்குனா வராதுக்கா! யக்கா, இன்னும் கொஞ்சந்தானக்கா!"

வடிவு பிடுங்கினாள். செடி லேசில் வரவில்லை. கட்டியழுகிற பிள்ளை மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டது. குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து, அவள் அறிந்த மருந்தை, இந்த உலகத்தில் கோமுவுக்கென்று இருந்த ஒரே மருந்தை, சல்லிவேர் மிச்சமில்லாமல் பிடுங்கித் தெருவில் போட்டாள். உள்ளங்கை ரெண்டும் கிழிந்து ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "பஸ்ஸு இன்னும் போகல. போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் அன்றைக்கே போர்வையும் பையுமாகக் கிளம்பினார்கள். சிலர் பந்தலை இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். "அவ தங்கச்சிக்கு ஆகலன்னதும் ஊருக்கே இல்லாமப் பண்ணப் பாக்கா" என்று சாபம் விட்டவர்களும் இருந்தார்கள், அவர்களைச் சொல்லியும் குத்தம் இல்லை. தெருவில் கிடந்த செடியை ஆடுகூட மோந்து பார்க்கவில்லை, மதியத்துக்குள் அது வாடிச் சுருண்டது.

மறுநாள் காலையில் வடிவு எழுந்து பழக்கதோசத்தில் வாசலுக்குப் போனாள். மண் குழியாகக் கிடந்தது. கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு இலை இல்லை. மாத்திரை இனியாவது கேட்குமா, நோய் கைமீறிப் போய்விட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இடம் இல்லை.  பிறகு உள்ளே வந்து கட்டிலில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாசத்தில் கோமுவைப் பார்க்க வந்த ஊரும் உறவும், டேப்பும் கையுமாக அலைந்த அக்காவும், ஒருத்தர் பாக்கியில்லாமல் வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள்தான். வடிவு இப்போது கேட்டதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"ஒடம்பு எப்படி இருக்கு கோமு?"

கோமு ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தாள்.  உதடு கோணியது, கண் நிறைந்தது.

"வலிக்குதுக்கா" என்றாள். "ரொம்ப வலிக்குதுக்கா."

"எங்கட்டி வலிக்கு?"

கோமு, துணிக் கட்டுப் போட்டிருந்த அக்காவின் கையை எடுத்து, வலிக்கிற இடத்தில் வைத்தாள்.